மறந்துபோன நகர இடுகாட்டின் வரலாற்றை ஆவணங்களில் தேடுவது எப்படி? சென்னையின் முதல் ஆங்கிலேய இடுகாட்டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை உயர் நீதிமன்றத்தையும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தையும் கொண்ட வளாகத்தில் உயரமான ஒரு கல்லறைச் சின்னம் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680-இல் இறந்தபின் எழுந்தது அது. அவருடைய விதவையை அதே ஆண்டு நவம்பரில் மணந்தவர் எலிஹு யேல். பின்னர் சென்னையின் கவர்னராகி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அந்தத் தம்பதியின் மகன் டேவிட் சின்னஞ்சிறு வயதிலேயே இறந்து இதே இடத்தில் அடக்கமானான்.

சின்னம் தனியாக நிற்பதால் யாரோ ஒரு செல்வந்தருக்காகத் தனி இடம் பார்த்து எழுப்பியது போலத் தோன்றும். உண்மையில் அந்தப் பகுதி முழுவதும் இடுகாடாக இருந்தது. கோட்டையின் வடக்கே, கொய்யாத் தோட்டம் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த பகுதியில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சென்னையின் ஆங்கிலேயர்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை இந்தச் சின்னமும் பவுனி குடும்பத்தின் கல்லறை அறையும்தான். மற்றவர்களின் கற்களைப் பார்க்க வேண்டுமானால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தின் முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே தரையில் பதித்திருக்கும் பழைய கற்களின் கீழே, அவற்றில் பெயர் பொறித்திருக்கும் மனிதர்கள் இல்லை. அந்த மனிதர்கள் கிடக்கும் மண்ணின்மேல் வழக்கறிஞர்களும் கட்சிக்காரர்களும் நடந்துபோகிறார்கள்.

நகரத்துக்குள் மறைந்துபோன எந்த இடுகாட்டைத் தேடினாலும் இந்தப் பிரிவைத்தான் எதிர்கொள்வீர்கள். நிலம் ஓரிடம், கல் ஓரிடம், பெயர் வேறோரிடம் என்று சிதறியிருக்கும். பலரும் பெயர்களிலிருந்து தேடத் தொடங்கி, சில புகழ்பெற்ற ஆட்களின் வாழ்க்கைக் குறிப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். நிலத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தும் செய்தி. இறந்தவர்களைப் பற்றிய பதிவு நின்றுபோகலாம். நிலத்தைப் பற்றிய பதிவை எந்த அரசும் நிறுத்துவதில்லை.

படி 1: இன்றைய நில எண்ணைப் பிடியுங்கள்

முதலில் அந்த இடத்தின் நகர நில அளவை எண், வார்டு, பிளாக் ஆகியவற்றைக் கண்டுபிடியுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பல ஊர்களுக்குப் பார்க்கலாம். அதில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். 'மயானம்', 'இடுகாடு', 'சுடுகாடு', 'கல்லறைத் தோட்டம்', 'கபரஸ்தான்' என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'அரசு புறம்போக்கு' என்று மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம். முந்தைய அளவைப் பதிவேட்டில் அதே நிலம் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். மறு அளவை நடக்கும்போதுதான் வகைப்பாடுகள் சத்தமில்லாமல் மாறுகின்றன.

பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பு வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட நில அளவைப் பிரிவிலோ இருக்கும். புறநகராக இருந்து பின்னால் மாநகருக்குள் வந்த பகுதியானால், கிராமமாக இருந்த காலத்து அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் அடிப்படைப் பட்டியல்) கிராம வரைபடத்தையும் கேளுங்கள். தனியார் கைக்குப் போய்விட்ட நிலமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது பயன் தரும். பழைய பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில் 'இடுகாட்டுக்குத் தெற்கு', 'மயானப் பாதைக்குக் கிழக்கு' போன்ற தொடர்கள் அப்படியே கிடக்கும். பக்கத்து நிலத்தின் பத்திரமே உங்கள் நிலத்துக்குச் சாட்சி சொல்லும். எனவே தேடும் மனையோடு நிறுத்தாமல் அதைச் சுற்றியுள்ள மனைகளுக்கும் பாருங்கள்.

தெருப்பெயரும் தடயம்தான். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதியில் இன்றும் சிமெட்ரி சாலை என்ற பெயர் வழங்குகிறது. பெயர் மாற்றப்பட்ட தெருக்களுக்கு மாநகராட்சியின் பழைய தெருப்பட்டியலைத் தேட வேண்டும்.

படி 2: வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்

சென்னைக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. கவர்னர் தாமஸ் பிட் காலத்தில், சுமார் 1710-இல், கோட்டையையும் அதன் வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தையும் காட்டும் விரிவான வரைபடம் உருவானது. 1733-ஆம் ஆண்டு நிலையைக் காட்டும் படமும், 1755-இல் கான்ராடி வரைந்த படமும் இருக்கின்றன. இவற்றை ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட நான்கு தொகுதிச் சென்னை வரலாற்றில் பார்க்கலாம். இணைய நூலகங்களில் அந்தத் தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1822-இல் ரேவன்ஷா தயாரித்த சென்னை வரைபடம் அடுத்த கட்டத்தைக் காட்டும்.

1733-ஆம் ஆண்டுப் படத்தையும் 1822-ஆம் ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மனம் கனத்துவிடும். முதல் படத்தில் கோட்டையின் வடமதிலை ஒட்டி நெருக்கமான வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. இரண்டாவதில் அந்த இடம் வெட்டவெளி. ஒரு நகரமே துடைக்கப்பட்டிருக்கிறது. இடுகாடு அதில் ஒரு பகுதிதான்.

பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்துவதற்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு படங்களிலும் மாறாத புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும். சென்னைக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்கரையின் விளிம்பை ஒருபோதும் நிலையான புள்ளியாகக் கொள்ளாதீர்கள். துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் வந்தபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து, ஒருகாலத்தில் கோட்டை வாசல் வரை வந்த அலை இன்று வெகுதூரம் விலகிவிட்டது. கோட்டையின் மேற்கு மதிலையும் நம்ப முடியாது. 18ஆம் நூற்றாண்டில் கோட்டை மேற்கே விரிக்கப்பட்டது, அதற்காக ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். 1680-இல் திறக்கப்பட்டு இன்றுவரை நகராமல் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் மிகச் சிறந்த புள்ளி. பிற்கால வரைபடங்களுக்குப் பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கும் 1773-ஆம் ஆண்டு எல்லைத் தூணையும் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டையைச் சுற்றிய வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை குறிக்க நட்ட தூண்களில் மிஞ்சிய ஒன்று அது.

எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் அந்தக் காலப் படங்களில் பல அடிகள் பிசகு இருக்கத்தான் செய்யும். படத்தில் கோடு போட்டு 'இதுதான் எல்லை' என்று அறிவிப்பதைவிட, 'இந்தப் பகுதிக்குள்' என்று ஒரு பட்டையாகக் குறிப்பது நேர்மை.

படி 3: அந்த நிலம் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேளுங்கள்

தேடல் வெற்றி பெறுவதும் தோற்பதும் இந்தக் கட்டத்தில்தான். இடுகாடு பற்றிய கோப்பு 'இடுகாடு' என்ற தலைப்பில் இருக்கும் என்று எதிர்பார்த்துத் திருச்சபை ஆவணங்களை மட்டும் புரட்டுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இடுகாடு தானாக அழிவதில்லை. யாரோ ஒருவருக்கு அந்த நிலம் தேவைப்படுகிறது: படைக்கு, ரயிலுக்கு, சாலைக்கு, சந்தைக்கு, நீதிமன்றத்துக்கு. எனவே அழிவின் கோப்பு அந்தத் துறையின் அறையில்தான் இருக்கும்.

சென்னை இடுகாட்டின் கதையைப் பாருங்கள். 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல்தான் நகரம் திரும்பக் கிடைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி வரை முற்றுகை நீடித்தது. கோட்டை மதிலுக்கு அருகே கோபுரம்போல் எழுந்து நின்ற பெரிய கல்லறைகள் பிரெஞ்சு வீரர்களுக்கு மறைவிடங்களாகப் பயன்பட்டன. ஆங்கிலேயப் படைப் பொறியாளர்கள் அதை மறக்கவில்லை. முற்றுகை நீங்கியதும் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் எந்த மறைப்பும் இருக்கக் கூடாது என்று நிலம் சமமாக்கப்பட்டது. கல்லறைகள் இடிக்கப்பட்டன, பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டன. புதிய இடுகாடு 1760களில் தீவுத்திடல் பக்கம் அமைந்தது. இன்று பல்லவன் சாலையில் இருக்கும் செயின்ட் மேரி கல்லறைத் தோட்டம் அதுதான்.

இதில் மதத்துக்கோ திருச்சபைக்கோ எந்த வேலையும் இல்லை. முழுக்கப் போர்க்கணக்கு. ஆகவே இதைத் தேட வேண்டிய இடம் 1752 முதல் தனியாக எழுதப்பட்ட இராணுவ ஆலோசனைப் பதிவேடுகளும், பொறியாளர்களின் அறிக்கைகளும், இலண்டனுக்கு எழுதிய கடிதங்களும்தான். முற்றுகையின்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் கால். இப்படி ஒரு பெயர் கிடைத்தால், அந்தப் பெயரைக் கொண்டே பதிவேட்டின் அகரவரிசையில் தேடலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே நிலப்பரப்பில்தான் சென்னைவாசிகளின் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இருந்தது. கோட்டையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1757-இல் அதை இடித்தார்கள். மாற்றாகப் பூக்கடைப் பகுதியில் நிலம் தரப்பட்டு, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. இடுகாட்டைத் தேடுகிறவர் கோயில் கோப்பையும் படிக்க வேண்டும். கோயிலைத் தேடுகிறவர் இடுகாட்டுக் கோப்பையும் படிக்க வேண்டும். இரண்டையும் விழுங்கியது ஒரே காரணம்.

உங்கள் ஊர் இடுகாட்டுக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். அதன்மேல் இன்று என்ன நிற்கிறது? பேருந்து நிலையமா, பள்ளியா, விளையாட்டுத் திடலா? அந்தத் துறை நிலத்தைப் பெற்ற ஆண்டு எது? அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் பத்தாண்டுக்கான அரசாணைகளையும் மாநகராட்சிக் கூட்ட நடவடிக்கைகளையும் முதலில் எடுங்கள்.

படி 4: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்வது

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் சிவப்புச் செங்கல் கட்டடம், 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கியது. இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1670 முதலான பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஆய்வாளராக அனுமதி பெற விண்ணப்பம், அடையாளச் சான்று, ஆய்வுத் தலைப்பு, அறிமுகக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியோ நிறுவனமோ சாராதவர் என்றால் போவதற்கு முன்பே விதிகளைக் கேட்டுவிடுவது நல்லது.

போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவேடும், வந்த கடிதங்கள், அனுப்பிய கடிதங்கள் எனப் பல தொடர்களை ரெக்கார்ட் ஆபீஸ் 1910 முதல் அச்சிட்டிருக்கிறது. அவற்றில் பலவும் இணையத்தில் படக்கோப்புகளாக உள்ளன. அச்சானதை அங்கே போய்க் கையெழுத்தில் படித்து நாளை வீணாக்க வேண்டாம். காப்பகத்தில் செலவிடும் நேரம் அச்சாகாத பதிவுகளுக்கானது.

தேடும்போது ஒரே சொல்லை நம்பியிருக்காதீர்கள். அந்தக் கால எழுத்தர்கள் 'பரியிங் பிளேஸ்', 'பரியிங் கிரவுண்ட்', 'டூம்ஸ்', 'சர்ச்யார்ட்' என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். உள்ளூர் மக்களின் இடுகாடுகளுக்கு 'நேட்டிவ்' என்ற அடைமொழியும் சாதிப் பெயர்களும் இழிவான பழைய எழுத்துக்கூட்டலில் வரும். படிக்க வலிக்கும், ஆனால் அந்தச் சொற்களால் தேடாவிட்டால் அந்த மக்களின் நிலம் கண்ணில் படாமலே போய்விடும்.

இடையே பதிவுகள் இல்லாத ஆண்டுகள் வரும்போது பதறாதீர்கள். 1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது என்றால், கம்பெனியின் எழுத்தர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்? கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில். 1752 வரை தலைமையகம் அங்கேதான். ஆக, சென்னையைப் பற்றிய அந்த ஆண்டுகளின் தகவலைக் கடலூர்ப் பதிவேட்டில் தேட வேண்டும். எதிர்த்தரப்பின் பார்வை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கிடைக்கும். 1736 முதல் 1761 வரை நீளும் அந்த நாட்குறிப்பு, ஆங்கிலப் பதிவுகள் மட்டுமே ஆதாரம் என்று நினைப்பவர்களுக்கு நல்ல மருந்து.

எந்த ஆவணத்தை எடுத்தாலும் தொடரின் பெயர், தொகுதி எண், தேதி, பக்கம் நான்கையும் அன்றே குறித்துவிடுங்கள். படம் எடுக்க அனுமதி இருந்தால், பக்கத்தை எடுப்பதற்கு முன் தொகுதியின் முகப்பை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தேதிகளைச் சரிபார்க்கும் முன் எதையும் ஒப்பிடாதீர்கள்

1752-க்கு முன் ஆங்கிலேயர்கள் பழைய நாள்காட்டியைப் பயன்படுத்தினார்கள். சட்டப்படி அவர்களின் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே பதிவேட்டில் '1687 ஜனவரி' என்று இருப்பது நம் கணக்கில் 1688 ஜனவரியாக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களோ அப்போதே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டவர்கள்; 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. சென்னை வீழ்ந்த நாள் ஆங்கிலக் குறிப்பில் 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுக் குறிப்பில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டு, மாதம், தேதியையும் எழுதுவதால் அவருடைய குறிப்பு இரண்டுக்கும் இடையே சரிபார்க்க உதவும்.

படி 6: கற்களைப் படியுங்கள், ஆனால் கல்லை நம்பி இடத்தைச் சொல்லாதீர்கள்

செயின்ட் மேரி முற்றத்தில் மிகப் பழைய கல், சென்னையின் முதல் பிரெசிடென்ட் ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத் பேக்கருடையது. ஆண்டு 1652. தேவாலயமோ 1678-இல் தொடங்கி 1680-இல் முடிந்தது. கல், அது கிடக்கும் தேவாலயத்தைவிட முந்தையது. வேறு எந்த ஆவணமும் இல்லாவிட்டாலும், இந்தக் கல் வேறிடத்திலிருந்து வந்தது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். எந்த ஊரிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: கல்லின் ஆண்டையும் அது இருக்கும் கட்டடத்தின் ஆண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

கற்களின் வரிசையிலிருந்தும் முடிவு கட்டாதீர்கள். ஹைதர் அலியோடு நடந்த போரில் கோட்டை மதிலில் பீரங்கிகளை நிறுத்த இந்தக் கற்களை மீண்டும் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு திரும்பப் பதித்தார்கள். இன்று அருகருகே கிடக்கும் இருவர் மண்ணுக்குள் அருகருகே இருந்தவர்கள் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

கல்வெட்டைப் படிக்க மாலை நேரத்துச் சாய்ந்த வெயில் சிறந்தது. நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒருவர் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பலாம். சுண்ணாம்பு, மாவு, அமிலம், கம்பித் தூரிகை எதையும் கல்லின்மேல் படவிடாதீர்கள். முந்நூறு ஆண்டு தாங்கிய எழுத்து ஒரு மாலையில் போய்விடும். லத்தீன் கற்களில் 'ஓபீட்' என்றால் இறந்தார், 'ஏட்டாட்டிஸ்' என்றால் வயது. முப்பதாவது வயதில் என்று இருந்தால் 29 நிறைந்தவர் என்று கொள்ளலாம்.

இப்போது படிக்க முடியாத கற்களுக்குப் பழைய வாசிப்பு கைகொடுக்கும். சென்னை மாகாணத்தின் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் பட்டியலாக வெளியிட்டார். அந்தப் பட்டியலை ஒரு கையிலும் கேமராவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தால், அப்போது இருந்து இப்போது இல்லாத கற்கள் எவை என்பதும் தெரியவரும். அதுவே ஒரு தனி ஆய்வு.

படி 7: பெயர்களுக்கு இப்போது வாருங்கள்

செயின்ட் மேரி தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் 1680-இல் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குக் கல்லும் கடிதமும் மட்டுமே. பதிவேட்டின் நகல்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் 'என்/2' என்ற வரிசையில் 1698 முதல் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் படங்களாகவும், ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் இலவசக் குறிப்புகளாகவும் பார்க்கலாம். உயில்களுக்கு 'எல்/ஏஜி/34/29' வரிசையைப் பாருங்கள். தன்னை எங்கே, யார் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியவர்கள் உண்டு. பதிவேட்டில் ஒற்றை வரியாக இருப்பவர் உயிலில் வீடு, கடன், அடிமைகள், வேலைக்காரர்கள் எல்லாவற்றோடும் எழுந்து நிற்பார்.

1785-க்குப் பிறகானால் சென்னையின் முதல் செய்தித்தாளான மெட்ராஸ் கூரியரில் மரணச் செய்திகளைத் தேடலாம்.

உங்கள் இடுகாடு வேறு சமூகத்தினுடையது என்றால் வேறு வாசல்கள். கத்தோலிக்கர்களுக்குப் பங்குக் கோயில் பதிவேடும் மறைமாவட்ட ஆவண அறையும். இஸ்லாமியக் கபரஸ்தான்களுக்கு, 1954-ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின்படி நடந்த அளவையின் அரசிதழ் பட்டியல். நிலத்தின் பரப்பும் எல்லையும் அதில் இருக்கும். அர்மீனியர்களுக்கு, அரண்மனைக்காரத் தெருவில் 1772 முதல் இருக்கும் அவர்களின் தேவாலய முற்றம். முதல் அர்மீனிய இதழை 1794-இல் சென்னையிலிருந்து நடத்திய பாதிரியார் ஹருத்தியுன் ஷ்மாவோனியன் அங்கேதான் உறங்குகிறார். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைத் தேடுகிறவர்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும்.

படி 8: கல் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கல் நட வசதியும், எழுதிவைக்க எழுத்தரும் இருந்தவர்களின் கதை. கறுப்பர் நகரத்தில் வாழ்ந்த நெசவாளர்கள், படகோட்டிகள், துப்பாசிகளின் (மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்தவர்கள்) வேலையாட்கள், கோட்டை கட்டிய கூலிகள் எங்கே எரிக்கப்பட்டார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள்? அவர்களின் பெயர் எந்த அடக்கப் பதிவேட்டிலும் இல்லை. கம்பெனிப் பதிவேட்டில் அவர்களின் இடுகாடு தலைகாட்டுவது பெரும்பாலும் தொல்லையாக: பாதைத் தகராறு, நாற்றம் பற்றிய புகார், நிலம் எடுக்கும்போது வந்த மனு.

ஆகவே மனுக்களைத் தேடுங்கள். மனுவில் மக்களின் குரல் எழுத்தரின் ஆங்கிலத்தில் திரிந்திருந்தாலும், 'எங்கள் முன்னோர் காலத்திலிருந்து' என்று அவர்கள் சொல்லும் எல்லைக்குறிப்பு நிலத்தைக் காட்டும். அடுத்து மாநகராட்சி. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் இடுகாடு, சுடுகாடுகளைப் பதிவு செய்யவும், புதியவற்றுக்கு உரிமம் தரவும், தேவைப்பட்டால் மூடவும் வழி வகுத்தது. அதன்கீழ் எழுந்த பட்டியல்களிலும் மூடல் அறிவிப்புகளிலும் கல்லே இல்லாத இடுகாடுகளின் பெயர்கள் இருக்கும். சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு அந்தப் பகுதியின் முதியவர்களிடம் போங்கள். வெட்டியான் வேலை செய்த குடும்பங்களுக்கு எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் தெரியும். அவர்கள் சொல்வதை வயது, நாள், இடம் குறித்து, அவர்கள் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். ஆவணத்தோடு முரண்பட்டால் உடனே தள்ளிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இடுகாடுகள் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன, இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. ஆவணம் ஒன்றைக் குறிக்கும்போது முதியவர் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒடுக்கப்பட்ட மக்களின் இடுகாட்டுக்குப் பட்டா இல்லை என்பதாலேயே அது எளிதாகப் பறிபோகிறது. உங்கள் ஆய்வு அங்கே ஒரு வழக்கின் சான்றாகவும் மாறக்கூடும் என்ற பொறுப்போடு எழுதுங்கள்.

படி 9: நீதிமன்றமும் ஓர் ஆவணக் காப்பகம்

ஹின்மர்ஸ், யேல் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வளாகத்தில் வாகன நிறுத்துமிடம் தேவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அதை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023-இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். முற்றுகைக்குப் பிறகு பீரங்கிக்காக நடந்த அதே உரையாடல், இப்போது கார்களுக்காக. இத்தகைய வழக்குகளின் தீர்ப்புகளிலும் மனுக்களிலும் நில எண், அரசிதழ் அறிவிப்பு, துறைகளின் பதிலுரை எல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் கிடைக்கும். உங்கள் இடுகாட்டைப் பற்றி வழக்கு ஏதும் நடந்திருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்தில் தேடுங்கள். ஒரு தீர்ப்போடு நிறுத்தாமல் மேல்முறையீடு வரை தொடர்ந்து பாருங்கள்.

அலுவலகங்கள் பதிவேட்டைக் காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். 'இடுகாட்டின் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்த நில அளவை எண்ணுக்கு உரிய இந்தப் பதிவேட்டின் இந்த ஆண்டு நகல் என்று துல்லியமாகக் கேளுங்கள். முதல் படியில் எடுத்த எண் இங்கே கைகொடுக்கும்.

களத்தில் மண்ணைத் தோண்டாதீர்கள், சிறு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. எலும்பு வெளியே தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் வருவாய்த் துறைக்கும் தெரிவித்துவிட்டு விலகி நில்லுங்கள்.

படி 10: எழுதி, ஒப்படைத்துவிடுங்கள்

கிடைத்ததை ஒரே அட்டவணையில் ஆண்டுவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் நிகழ்வு, ஆதாரம், ஆதாரம் எழுந்த காலம், உறுதியா ஊகமா என்று நான்கு கட்டங்கள் போதும். நிகழ்வு நடந்த காலத்திலேயே எழுதிய குறிப்பும், நூறாண்டு கழித்து ஒருவர் எழுதிய புத்தகமும் ஒரே எடையில் வரக் கூடாது. புகழ்பெற்ற புத்தகங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய தகவல் அதிகம். மூன்று புத்தகங்கள் ஒன்றையே சொன்னால், மூன்றும் ஒரே பழைய வரியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள்.

இறந்தவர்களின் வாரிசுகள் இன்று வாழும் இடுகாடானால், பெயர்ப் பட்டியலை வெளியிடும் முன் அந்தச் சமூகத்தோடு பேசுங்கள். அண்மைக் காலத்து மரணக் காரணங்களை வெளியிட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் அட்டவணை, படங்கள், பொருத்திய வரைபடக் கோப்பு, பேட்டி ஒலிப்பதிவு எல்லாவற்றையும் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள்: உள்ளூர் நூலகம், இடுகாட்டுக்கு உரிய தேவாலயமோ பள்ளிவாசலோ ஊர்ச் சபையோ, இணையத்தில் பொதுவெளித் தொகுப்பு ஒன்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களையும் கேட்டுப் பாருங்கள். நிலப் பதிவேட்டில் வகைப்பாடு தவறாக இருப்பதற்கு ஆதாரம் கிடைத்திருந்தால், அதைத் திருத்தக் கோரி வட்டாட்சியருக்கு ஒரு மனுவும் அந்த நகல்களோடு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.